மூன்றாம் பரணின் பச்சை

"மேல எனத்தயோ முறிஞ்ச மாதிரி சத்தம் கேட்டிச்சி. போகவா, கொஞ்சம் பொறுத்துப் போகவா?" என்று றினோஸ் வாசலில் நின்று கேட்டான். கையில் வாப்பாவுக்கான சோற்றுப் பார்சல். பள்ளிவாசலில் அந்தி மஹ்ரிபுக்கு பாங்கு சொல்ல இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

ஜஸ்லா அடுப்படியிலிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக முற்றத்துக் கம்பத்தைப் பார்த்தாள். கம்பத்து உச்சியில் பச்சை விளக்கு ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம் எரிந்து அணைந்தது.

"லைட்டப் பாருங்களேன். மூணுதரம் பச்ச. மூணாம் பரண்ல மாமா நல்லா ஈக்கிறாங்க. சோறு ஆறிப்போகும், போங்க."

அவன் போய்விட்டான். வாய்க்கால் மரப்பாலத்தில் அவன் செருப்புச் சத்தம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. பாலத்துக்கு அப்பால் போனுக்கு சிக்னலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அங்கே போனவனைத் திரும்பக் கூப்பிட வழியில்லாததால்தான் அந்தக் கம்பமும் விளக்கும் அங்கே நிற்கின்றன. நட்டவள் ஜஸ்லா.

இவள் எப்படி லக்கலப் பக்கத்தில் காடு வெட்டிச் சோளம் போடுகிற சேனைக்காரன் வீட்டுக்கு மருமகளாக வந்தாள் என்று கேட்டால், அதுவும் ஒரு வரிசைச் சண்டைதான். மாத்தளை டவுனில் பிறந்து வளர்ந்தவள். டெக்னிக்கல் கொலேஜில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் இந்தப் பக்கம் சாச்சி வீட்டுக்கு வர பஸ் ஸ்டாண்டில் நின்றாள். இருக்கிறது ஒரு பஸ், நிற்கிறது ஊர்ப்பட்ட சனம். ஒருத்தன் உர மூட்டையோடு பக்கவாட்டில் நுழைந்தான். "நானா, கடைசிக்குப் போங்க" என்றாள். "மூட்ட பாரம், தங்கச்சி" என்றான். "பாரமா இருந்தா எறக்கி வெச்சிட்டு நில்லுங்க. நாங்க எல்லாம் இஞ்ச அழகு பார்க்கவா நிக்கிறோம்?" என்று போட்டாள் ஒரு போடு. அவன் மூச்சு விடாமல் கடைசிக்குப் போனான். பஸ் நிரம்பிவிட்டது. அவனையும் மூட்டையையும் விட்டுவிட்டுப் புறப்பட்டது. ஜன்னலால் திரும்பிப் பார்த்தவளுக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. இரண்டு மாதம் கழித்து அந்தப் பாவம் சாச்சி வழியாகப் பெண் கேட்டு வந்தது.

வந்த பிறகுதான் ஊரின் இன்னொரு வரிசை அவளுக்குத் தெரிந்தது. வயல் கீழே, சேனை மேலே. சோளம் பால் பிடித்தால் ஆனை மோப்பம் பிடித்துவிடும். அதனால் சேனை ஓரமாக மரங்களில் நாலு காவல் பரண். பொழுது சாய முன் ஆண்கள் ஏறிவிடுவார்கள். முதலாம் பரணிலிருந்து பவாஸ் நானா "ஹூ..." என்று நீட்டுவார். இரண்டாம் பரணில் ஸுஹைல் அதை வாங்கி நீட்டுவான், மூன்றில் மாமனார் பதுர்தீன், நாலில் அவருடைய மச்சினர், திரும்பவும் பவாஸ் நானா. கேட்டவன் பதில் கொடுக்காமல் இருக்கக்கூடாது. நீட்டி ஒன்று போட்டால் நலம், விழித்திருக்கிறேன். வெட்டி வெட்டி மூன்று போட்டால் ஆனை. பெண்கள் ஹூ போடுவதில்லை. யாரும் தடுத்ததில்லை, போடுவதில்லை, அவ்வளவுதான்.

இதில் ஒரு சிக்கல். ஆனை பரணுக்கு நேர் கீழே வந்து நின்றுவிட்டால் ஹூ போட முடியாது. சத்தம் கேட்டால் அது நிமிர்ந்து பார்க்கும், பிறகு நெற்றியால் மரத்தோடு பேசத் தொடங்கிவிடும். போன போகத்தில் பதுர்தீன் அப்படி மாட்டிக்கொண்டார். தும்மலைக் கையால் பொத்திக்கொண்டு விடியும்வரை மரத்தில் ஒட்டியிருந்தார். கீழே எல்லாரும், கிழவர் தூங்கிவிட்டார் போல என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். காலையில் இறங்கி வந்த மனிதர் இரண்டு நாள் சோறு தின்னவில்லை. ஜஸ்லா அவர் பக்கத்தில் போய்க் குந்தினாள்.

"மாமா, சத்தமில்லாம அமத்துற பட்டன் ஒன்னு செஞ்சி தாறேன்" என்றாள்.

செய்தாள். பரணுக்கு ஒரு பட்டன், ஒரு சின்ன ரேடியோ. வீட்டில் ஒரு பெட்டி, அதற்குள் விரல் நீளத்தில் ஒரு கம்ப்யூட்டர். முற்றத்தில் கம்பம், கம்பத்தில் விளக்கு. நாலு பரணுக்கும் தெரியும், பாலத்துக்குப் போகிறவர்களுக்கும் தெரியும். பரணின் எண் எத்தனையோ அத்தனை தரம் எரியும். சைரன் வைக்கலாமா என்று கேட்டதற்குப் பதுர்தீன் கையை ஆட்டிவிட்டார். சைரனுக்கு வெருண்ட ஆனை எந்தப் பக்கம் ஓடும் என்று எவனுக்கும் தெரியாது, ஹூ என்றால் அதற்குப் பழக்கம் என்றார்.

செய்தி வருவது நாலு பக்கமிருந்து, காட்டுகிற விளக்கோ ஒன்று. அப்படியென்றால் செய்திகள் காத்து நிற்க ஒரு வரிசை வேண்டும். ஜஸ்லாவுக்குச் சொல்லவா வேண்டும்! சி மொழியில் உட்கார்ந்து எழுதினாள். அறுபத்து நாலு அறையுள்ள ஓர் அணி. முன், பின் என்று இரண்டு எண்கள். அவற்றை இரண்டு விரல்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுச் செய்தி வந்தால் 'பின்' காட்டும் அறையில் போட்டுவிட்டு அந்த விரலை ஓர் அறை தள்ளு. விளக்கு ஓய்ந்தால் 'முன்' காட்டும் அறையிலிருந்து எடுத்துவிட்டு இந்த விரலைத் தள்ளு. பஸ் வரிசையைப் போல ஆட்கள் நகரத் தேவையில்லை, விரல்கள்தான் நகரும். கடைசி அறையைத் தாண்டினால் சுற்றிக்கொண்டு மறுபடி முதல் அறை. வரிசை காலியாக இருக்கும்போது எடுக்கப் போனால் என்ன ஆகும், நிரம்பியிருக்கும்போது போடப் போனால் என்ன ஆகும், சுற்றி வருகிற இடத்தில் எதுவும் தொலைகிறதா, எல்லாம் சோதித்தாள். ஒரு பிழை கிடையாது. முதலில் வந்தது முதலில் போகும். அங்கே எந்தக் கொம்பனும் பக்கவாட்டில் நுழைய முடியாது. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

பவாஸ் நானா வந்து பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "எல்லாம் சரிதான் புள்ள. ஆன வந்தாத்தானே இது எரியும்? இது உசிரோட ஈக்கான்னு நாங்க எப்பிடிப் பார்க்கிற? ஆனயக் கூட்டிட்டு வந்தா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. சின்னதாக அமத்தினால் பச்சை, நலம். நீட்டி அமத்தினால் சிவப்பு, ஆனை என்று மாற்றிக் கொடுத்தாள். "பைய எரிய வுடு மகள், எங்கட கண்ணு எண்ண வேணாமா?" என்றார் பதுர்தீன். அதையும் மெதுவாக்கிக் கொடுத்தாள். கேட்டதையெல்லாம் கொடுத்தாள், பாவி.

றினோஸ் போய் ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரம் ஆகியிருக்கும். பாங்கு சொல்லி முடிந்திருந்தது. முற்றத்தில் இருமல் சத்தம் கேட்டது.

"புள்ள... கொத்தமல்லி கொஞ்சம் ஈக்கா?"

பவாஸ் நானாதான். குரல் என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை, காற்றுத்தான் வந்தது. தடிமன் பிடித்துத் தொண்டை கட்டிப்போய் இரண்டு நாளாயிற்றாம்.

"இந்த நேரத்துல பரண வுட்டுட்டா வந்தீங்க?"

"அவிச்சிக் குடிச்சிட்டு இப்ப ஏறிடுவேன். ஒன்ட பட்டன் இருந்ததால பொழச்சேன். ஹூ போட ஏலா. நேத்தும் இன்னைக்கும் பட்டனத்தான் அமத்துறேன். என்னப் பார்த்து மத்தவங்களும் ஹூவ வுட்டுட்டாங்க. ஒருத்தன் அமத்தினா மத்தவனும் அமத்துறான், சும்மா ஜோரா ஈக்கி."

ஜஸ்லா சிரித்துக்கொண்டே கொத்தமல்லி டின்னைத் திறந்தாள். அப்போது கம்பத்தில் பச்சை ஒருதரம் எரிந்தது. ஒரேதரம். அணைந்தது.

அவள் கை டின்னுக்குள்ளேயே நின்றது.

"நானா, ஒங்கட பரண்ல யாரு ஈக்கிற?"

"யாரு ஈக்கிற? ஒருத்தருமில்ல. நான் இஞ்ச நிக்கிறேனே."

"அப்ப ஒன்னாம் பரண்ல யாரு அமத்தின?"

பவாஸ் நானா திரும்பிக் கம்பத்தைப் பார்த்தார். "நான்தான். எறங்க முந்தி அமத்தினேன். லைட் எரியல்ல. திரும்ப அமத்தினேன், எரியல்ல. சரி, கம்பத்துல எனத்தயோ கோளாறுன்னு நெனச்சேன். எறங்கி வந்து எவ்வளவு நேரமாச்சு! பாரேன் இந்தப் பெட்டிய, எனக்கு நான் கீழ ஈக்கேன், அதுக்கு நான் இன்னும் மேல ஈக்கேன்."

அவர் இதை ஒரு பகிடியாகச் சொல்லிச் சிரித்தார். ஜஸ்லா டின்னைக் கீழே வைத்தாள்.

ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. நாலு பேர் ஹூ போடுவதற்குப் பதிலாக பட்டன் அமத்துகிறார்கள். காற்றில் போட்ட ஹூ போட்ட இடத்திலேயே கரைந்துவிடும். பெட்டிக்குள் போட்ட ஹூ கரையாது, வரிசையில் போய் நிற்கும். விளக்கோ மெதுவாக, கிழவர்கள் எண்ணுவதற்குத் தோதாக எரிகிறது. தன் விளக்கு எரியவில்லையே என்று ஒவ்வொருத்தனும் திரும்ப அமத்துகிறான், வரிசை இன்னும் நீள்கிறது. இப்போது கம்பத்தில் எரிவது இப்போதைய செய்தி இல்லை. எப்போதோ வந்தது.

அப்படியானால் றினோஸ் போகும்போது எரிந்த பச்சை?

"யா அல்லாஹ்!" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். லெப்டொப்பைத் திறந்து கேபிளைப் பெட்டியில் சொருகினாள், முதல்தரம் சரியாகப் பொருந்தவில்லை. வரிசையில் நிற்பதையெல்லாம் முன்னிலிருந்து பின்வரை காட்டுகிற ஒரு கட்டளையை அவள் சோதனைக்காக எழுதி வைத்திருந்தாள். அதைத் தட்டினாள்.

திரையில் எண்கள் இறங்கின. ஒவ்வொன்றிலும் முதல் இலக்கம் பரண், அடுத்த இலக்கம் செய்தி. ஒன்று என்றால் நலம், இரண்டு என்றால் ஆனை. 21. 41. 31. 11. 21. 31. 41. 11. எல்லாம் ஒன்று, ஒன்று, ஒன்று. எல்லாரும் நலம், எல்லாரும் நலம். அவள் இன்னும் கீழே இறக்கினாள். 41. 21.

32.

32. 32. 32. 32. வரிசையின் வால் முழுக்க 32. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு 32 வந்து பின்னால் ஒட்டிக்கொண்டது.

மூன்றாம் பரணுக்கடியில் ஆனை நிற்கிறது. வாய் திறக்க முடியாமல் மாமா அமத்திக்கொண்டேயிருக்கிறார். அவர் அமத்தியது ஒன்றும் தொலையவில்லை. பிழையில்லாத வரிசை, ஒழுங்காகக் கடைசியில் நிறுத்தி வைத்திருக்கிறது. வெளியே கம்பத்தில், ஸுஹைல் எப்போதோ நலமாக இருந்த செய்தியைப் பச்சை ஆற அமரக் காட்டிக்கொண்டிருக்கிறது. சோறு ஆறிப்போகும் என்று புருஷனை அந்த மரத்தடிக்கே அனுப்பி வைத்தவள் அவள்.

"நானா, ஆன! மாமாட பரணுக்குக் கீழ! இவரு சோத்தோட அங்கதான் போறாரு!"

பவாஸ் நானா முகம் செத்துப்போனது. "என்ட ஆன வெடி மேல பரண்ல ஈக்கே..." என்று சொல்லிக்கொண்டே கிழவர் பாலத்தை நோக்கி ஓடினார். பத்து எட்டு வைக்கவில்லை, இருமல் மடக்கிப் பிடித்தது. நின்று, தலையைத் தூக்கி, இரண்டு கையையும் வாயில் குவித்து ஹூ போடப் பார்த்தார். கிழிந்த துணி போல ஒரு சத்தம் வந்தது. மறுபடி பார்த்தார், அதுவும் வரவில்லை. திரும்பி அவளைப் பார்த்த கண்ணில் தண்ணீர்.

ஜஸ்லாவின் மூளை கன்னாபின்னாவென்று ஓடியது. விளக்கைச் சிவப்பாக்கலாம்; ஆனால் றினோஸ் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கிறான். ஓடலாம், அவன் இந்நேரம் ஸுஹைலின் பரணைத் தாண்டியிருப்பான், காலால் பிடிக்க முடியாது. அவனை எட்டக்கூடியது ஒன்றே ஒன்றுதான், அது பெட்டிக்குள் இல்லை.

முற்றத்தைக் கடந்து வயல் வரம்பில் ஏறினாள். தலையிலிருந்து முந்தானை நழுவியதுகூடத் தெரியவில்லை.

"ஹூ!"

மெல்லிசாக, டவுன் பிள்ளையின் குரலாக வந்தது. வாய்க்காலைக்கூடத் தாண்டியிருக்காது. பவாஸ் நானா தன் வயிற்றில் கையால் அடித்துக் காட்டினார். இங்கேயிருந்து எடு, இங்கேயிருந்து!

"ஹூ! ஹூ! ஹூ!"

வயிற்றிலிருந்து வந்தது. தொண்டை எரிந்தது. நின்று கேட்டாள். காட்டில் பூச்சிச் சத்தம் மட்டும்.

"ஹூ! ஹூ! ஹூ!"

ஒன்றுமில்லை. அந்த நேரம் எவ்வளவு நீளம் என்று அவளுக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. புருஷன் ஒரு காலுக்கு முன்னால் மற்றக் காலை வைத்துப் போய்க்கொண்டேயிருக்கிறான் என்பது மட்டும் கண்ணுக்குள் தெரிந்தது. பஸ் ஸ்டாண்டில் மூட்டையோடு கடைசிக்குப் போனவன். சொன்னால் கேட்கிறவன். அதனால்தான் போனான்.

"ஹூ! ஹூ! ஹூ!" அது கூப்பிடுதலா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

மேலேயிருந்து வந்தது. வெட்டி வெட்டி மூன்று. ஸுஹைலின் குரல். பெண் குரல் கேட்டுத் திகைத்துப் போய்த் தாமதித்ததாகப் பிறகு சொன்னான், மடையன். அவன் வாங்கியதும் நாலாம் பரணிலிருந்து மச்சினர் வாங்கினார். சேனை முழுக்க ஹூவாகியது. நடுவில், மூன்றாம் பரண் இருக்கிற இடத்தில் மட்டும் சத்தமில்லை.

பிறகு மரம் முறிகிற சத்தம். ஒரு பிளிறல். தகரம் தட்டுகிற சத்தம், வெடி ஒன்று, இன்னொன்று. ஜஸ்லா வரம்பிலேயே குந்திவிட்டாள். பவாஸ் நானா பக்கத்தில் நின்று வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தார். அவள் ஓதத் தொடங்கினாள், பாதியில் மறந்துபோனது, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

ஸுஹைல் நீட்டி ஒன்று போட்டான். நலம். ஆனால் யார் நலம்? அந்தச் சத்தத்தில் பெயர் கிடையாது.

டோர்ச் வெளிச்சம் பாலத்தில் தெரிந்தபோது ஜஸ்லா வரம்பில் இருந்தபடியே எட்டிப் பார்த்தாள். வெளிச்சத்துக்குப் பின்னால் இரண்டு உருவம் வந்தது. ஒன்று மற்றதன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தது. முதலில் மாமாவின் வெள்ளைத் தொப்பி தெரிந்தது. அப்புறம் றினோஸின் முகம். சாரமெல்லாம் முள் கிழித்து, செருப்பில்லாமல், ஆனால் அவன்தான்.

"பாதையில ஈக்கிற பெரிய கல்லச் சுத்தித் திரும்பினா நேரா அது" என்றான். "திரும்பத்தான் போனேன். ஹூ கேட்டிச்சி. நின்னுட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "பார்சல போட்டுட்டு ஸுஹைல்ட பரணுக்கு ஏறிட்டேன். அவன் வெடி போட்டு வெரட்டினான். சோத்த அது தின்னிரிச்சி."

"நான்தானே போகச் சொன்னேன்..." என்றாள் அவள். ஊர்ச் சனத்துக்கு முன்னால் புருஷனைத் தொட்டுப் பேசாதவள், அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

பதுர்தீன் முற்றத்தில் வந்து மர வாங்கில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தாள், குடித்தார். கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நான் அமத்தினது ஒன்னும் வரல்லயா மகள்?"

"வந்திச்சி மாமா. எல்லாம் வந்திச்சி." அவள் கம்பத்தைப் பார்த்தாள். "வரிசையில நின்னிச்சி."

அப்போதுதான் கம்பத்தில் கடைசிப் பச்சை அணைந்து சிவப்பு எரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. அணைந்து மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று. முற்றம் முழுக்கச் சிவந்து சிவந்து இருண்டது. மரத்தில் ஒட்டிக்கொண்டு அவர் கேட்ட உதவி, அவர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகு ஒவ்வொன்றாக முறைப்படி வந்துகொண்டிருந்தது.

"ஓஃப் பண்ணு அத" என்றான் றினோஸ்.

ஜஸ்லா பெட்டியருகே போனாள். சுவிட்சில் கை வைத்தாள். வைத்த கையை எடுத்துவிட்டாள்.

"மாமா அமத்தினது. நான் பார்க்கோணும்" என்றாள்.

நாலு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதுர்தீனின் உதடு ஒவ்வொன்றுக்கும் அசைந்தது. ஓரிடத்தில் கையைத் தூக்கி விளக்கைக் காட்டினார்.

"இந்தா, இது. கடைசிக் கலிமா ஓதிட்டு அமத்தினது. அதோட முடிஞ்சிச்சின்னு நெனச்சேன். அதுக்குப் பொறகு ஹூ கேட்டிச்சி."

ஜஸ்லா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தேம்பினாள். சிவப்பு இன்னும் சிலதரம் எரிந்தது. பிறகு அணைந்தது, மறுபடி எரியவில்லை. வரிசை காலி.

மேலே தன் பரணில் இருந்த ஸுஹைல் நீட்டி ஒரு ஹூ போட்டான். போய்ச் சேர்ந்தீர்களா என்று கேட்கிறான். பவாஸ் நானா தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார். றினோஸ் வாயில் கையைக் குவிக்கப் போனான். பதுர்தீன் மகனின் கையைப் பிடித்து இறக்கினார்.

"ஒன்ன இல்லடா அவன் கேக்கிற" என்றார். மருமகளைப் பார்த்தார். "பதில் குடு, மகள்."

ஜஸ்லா முகத்தைத் துடைத்துக்கொண்டு வரம்புக்கு நடந்தாள். வயிற்றிலிருந்து எடுத்து, நீட்டி, ஒரு ஹூ போட்டாள்.